கிளாம்பு எவ்வளவு பிடிக்கிறது? வெளிச்சட்டங்களின் விறைப்பும் கணினி மாதிரிகளும்



என்னை அறிமுகம் செய்தவர் மருத்துவ ஆராய்ச்சியாளர் என்று பெரிய வார்த்தை சொன்னார். நான் கத்தியைக் கையில் எடுத்தவன் இல்லை. படித்ததும் கற்பித்ததும் இயந்திரப் பொறியியல். மருத்துவர்கள் உடைந்த காலில் மாட்டும் சட்டத்தைக் கணினியில் கட்டி, சுமை ஏறினால் அது எவ்வளவு இளகும் என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. அந்தக் கணக்கை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரு சக்கர வாகன விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோல் கிழிந்து, மண்ணும் கல்லும் சேர்ந்துகொண்ட கால் நம் ஊர் அவசரப் பிரிவுகளுக்குப் புதிதல்ல. அந்த நிலையில் உள்ளே தகடு வைத்துத் தைத்தால் கிருமி அதிலேயே குடியேறிவிடும் அபாயம் உண்டு. அதனால் முறிவுக்கு மேலும் கீழும் தோல் வழியாக எலும்புக்குள் பின்களைச் செலுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒரு ராடோடு கிளாம்பு போட்டு இறுக்கிவிடுகிறார்கள். புண்ணைத் தினமும் பார்க்கலாம், கழுவலாம், பிறகு தோல் ஒட்டலாம். வீட்டார் இதை “வெளியே கம்பி போட்டிருக்காங்க” என்பார்கள். கோவை கங்கா மருத்துவமனை இத்தகைய திறந்த முறிவுகளுக்கென்றே ஒரு மதிப்பெண் முறையை 2006-இல் வெளியிட்டது. தோலையும் எலும்பையும் தசையையும் தனித்தனியே எடைபோட்டு, காலைக் காப்பாற்ற முடியுமா என்று முடிவு செய்ய உதவும் முறை அது. காப்பாற்றலாம் என்று முடிவான பல கால்களில் அடுத்து ஏறுவது இந்தச் சட்டம்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெல்ஜியத்தில் லாம்போட் 1902-இல் பின்களை வெளியே ஒரு தண்டோடு பிணைத்தார். ஜெனீவாவில் ராவுல் ஹாஃப்மன் 1938-இல், எலும்பை வெளியிலிருந்தே திருப்பி நேராக்க வசதியான மூட்டுகளோடு ஒரு கருவி செய்தார். சைபீரியாவின் குர்கான் பகுதியில் கவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவர் 1950-களின் தொடக்கத்தில் வேறு வழியில் போனார். தடித்த பின்னுக்குப் பதிலாக மெல்லிய கம்பிகள். கம்பிகளை இழுத்துக் கட்டக் காலைச் சுற்றி முழு வளையங்கள். பல ஆண்டுகள் மாஸ்கோவே அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் என்ற உலகச் சாதனையை வைத்திருந்தவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், வலேரி புருமெல். 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் கால் நொறுங்கியது. அறுவை மேல் அறுவை செய்தும் சேராத அந்தக் காலோடு அவர் குர்கானுக்குப் போனார். சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டிக் காட்டினார். அதன் பிறகுதான் இலிசாரோவின் பெயர் நாடெங்கும் பரவியது. மேற்கு ஐரோப்பா அவர் பேச்சைக் கேட்க 1981 வரை, இத்தாலியில் நடந்த ஒரு கூட்டம் வரை, காத்திருந்தது.

இனி என் கணக்கு. விறைப்பு என்றால், ஒரு மில்லிமீட்டர் இளக வைக்க எத்தனை நியூட்டன் வேண்டும் என்பது. இதை எவ்வளவு சுமையில் உடையும் என்ற கேள்வியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளிச்சட்டங்கள் அவ்வளவு எளிதில் உடைவதில்லை. முறிவின் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நகர்கின்றன என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

எவ்வளவு நகரலாம்? அசைவே கூடாது என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆய்வாளர் ஸ்டீஃபன் பெரன் இந்தக் கேள்விக்குத் திரிபை, அதாவது நீளத்தில் எத்தனை பங்கு மாறுகிறது என்பதை, வைத்துப் பதில் சொன்னார். முறிவின் இடைவெளியில் முதலில் உண்டாகும் மென்மையான திசு தன் நீளத்துக்குச் சமமாக நீண்டாலும் தாங்கும். குருத்தெலும்பு 10 சதவீதம்வரை தாங்கும். எலும்போ 2 சதவீதத்தைத் தாண்டினால் உருவாகவே முடியாது. இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் இருவரும் 1985-இல் வெளியிட்ட சோதனை இதை இன்னொரு பக்கத்திலிருந்து தொட்டது. ஆட்டின் கால் எலும்பில் 3 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டி, சட்டம் போட்டு, தினமும் சிறிது நேரம் மட்டும் 1 மி.மீ. அளவுக்கு அந்த இடைவெளியை அசைத்தார்கள். அசையாமல் கட்டிவைத்த கால்களைவிட அசைத்த கால்கள் வேகமாகக் குணமாயின. அசைவு மிஞ்சினால் கெடுதல் என்பதும் அவர்களின் அடுத்த சோதனைகளில் தெரிந்தது. ஆக, மருத்துவர் என்னிடம் கேட்கவேண்டியது அதிகபட்ச விறைப்பை அல்ல. காலை ஊன்றும்போது இடைவெளி அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் அசையுமா என்பதைத்தான் கேட்கவேண்டும். ஆனால் மாணவர்களின் ஆய்வேடுகளில் பத்துக்கு ஒன்பதில் “நமது வடிவமைப்பு விறைப்பை இத்தனை சதவீதம் உயர்த்துகிறது” என்ற வரியைத்தான் பார்க்கிறேன். உயர்த்தியது நல்லதா என்று யாரும் கேட்பதில்லை.

ஒற்றைப் பக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் பின்; எலும்பிலிருந்து ராடு வரை 60 மி.மீ. தூரம். பொறியியல் இரண்டாம் ஆண்டில் படிக்கும் வளைவுச் சூத்திரம் போதும். விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது. தூரத்தின் மூன்றாம் அடுக்கோடு இறங்குகிறது. 5-ஐ 6 ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 60-ஐ 30 ஆக்கினால், ஏட்டுக்கணக்கில், எட்டு மடங்கு. வீங்கிய காலில் ராடை அவ்வளவு நெருக்கமாக வைக்கத் தோல் இடம் தராது என்பது வேறு விஷயம். எலும்பின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடித்த பின்னைப் போட்டால் அந்தத் துளையிலேயே எலும்பு பிளக்கக்கூடும் என்பதால் விட்டத்துக்கும் வரம்பு உண்டு. இன்னொன்று: ஸ்டீலை விட்டு டைட்டானியத்துக்கு மாறுகிறவர்கள் கவனிக்கவும். டைட்டானியக் கலவையின் யங் குணகம் (பொருளின் இயல்பான விறைப்பைக் காட்டும் எண்) 110 கிகாபாஸ்கலை ஒட்டியது; ஸ்டீலுக்கு 200 அளவு. 6 மி.மீ. டைட்டானியப் பின் 5 மி.மீ. ஸ்டீல் பின்னைவிடச் சுமார் 14 சதவீதம்தான் விறைப்பு கூடியது.

இனிதான் முக்கியமான இடம். அந்தப் பின்னின் ஒரு முனை எலும்பில், மறுமுனை கிளாம்பில். கிளாம்பு அதைக் கடுகளவும் திரும்பவிடாமல் பிடிக்கிறது என்று வைத்தால் ஒரு பின்னின் விறைப்பு சுமார் 340 நியூட்டன்/மி.மீ. கிளாம்புக்குள் பின் தடையின்றித் திரும்புகிறது என்று வைத்தால் அது 85. நான்கு மடங்கு வித்தியாசம். உண்மையான கிளாம்பு இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இறுக்கிய கைக்கு ஏற்ப, மூட்டின் தேய்மானத்துக்கு ஏற்ப, எத்தனையாவது நோயாளிக்கு மறுபடி பயன்படுகிறது என்பதற்கு ஏற்ப அந்த இடம் மாறுகிறது. ஆராய்ச்சியில் நாம் ஒப்பிடப்போவது 5 மி.மீ. பின்னையும் 6 மி.மீ. பின்னையும். அந்த வித்தியாசம் இரண்டு மடங்கு. கிளாம்பைப் பற்றி நமக்குத் தெரியாதது நான்கு மடங்கு.

மென்பொருளில் இரண்டு பாகங்கள் தொடும் இடத்தைச் சொடுக்கினால், அவை ஒட்டியிருக்கின்றன என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒட்டியது என்றால் பசை போட்டு ஒட்டியதைவிட உறுதியாக, ஒரே உலோகமாக. நட்டும் வாஷரும் பற்களும் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. அப்படி வந்த 340-ஐ அடைப்புக்குறிக்குள் மூன்று தசமத்தோடு எழுதுவதை நான் ஏற்பதில்லை.

இந்த மென்பொருள்களுக்கு அடிப்படையான முறைக்கு ஃபைனைட் எலிமெண்ட் முறை என்ற பெயரைப் பொறியாளர் ரே கிளஃப் 1960-இல் வைத்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, விமான இறக்கைகளுக்காக, போயிங் குழுவோடு சேர்ந்து அவர் அடிப்படை வேலையை வெளியிட்டிருந்தார். ஒரு பொருளைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் விறைப்பையும் எழுதி, எல்லாவற்றையும் ஒரு பெரிய சமன்பாட்டுக் கூட்டமாகச் சேர்த்துத் தீர்ப்பதே அதன் சாரம். 1972-இல் தொடை எலும்புக்கு அதைப் பயன்படுத்திவிட்டார்கள். வெளிச்சட்டங்களில் மேயோ கிளினிக்கின் எட்மண்ட் சாவ் குழு 1980-களின் தொடக்கத்தில் செய்த வேலையை இன்றும் படிக்கச் சொல்வேன். பிரிக்ஸும் சாவும் 1982-இல் ஹாஃப்மன்-விடால் சட்டத்தை ஆராய்ந்த கட்டுரையில் இன்றைய வண்ணப் படம் எதுவும் இல்லை. சட்டத்தின் ஒவ்வொரு அளவையும் மாற்றினால் எது எவ்வளவு மாறும் என்ற கேள்வி மட்டும் தெளிவாக இருக்கிறது.

வண்ணப் படம் என்றதும் சி.டி. ஸ்கேன் ஞாபகம் வருகிறது. நோயாளியின் எலும்பை அப்படியே ஸ்கேனிலிருந்து எடுத்து, மேடும் பள்ளமுமாக லட்சக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து மாதிரி செய்கிறார்கள். பார்க்க அழகுதான். கேள்வி சட்டத்தின் விறைப்பு என்றால் அந்த உழைப்பில் பெரும்பகுதி வீண். கெட்டியான எலும்பின் யங் குணகம் ஏறத்தாழ 17 கிகாபாஸ்கல். குறுக்குவெட்டில் கெட்டி எலும்பு 300 சதுர மி.மீ., நீளம் 150 மி.மீ. என்று வைத்தால் அதன் நேர் விறைப்பு 34,000 நியூட்டன்/மி.மீ. சட்டத்தின் விறைப்பு நூற்றுக்கணக்கில். எலும்பின் எண்ணை 10 சதவீதம் கூட்டினாலும் குறைத்தாலும் மொத்த விடை அசையாது. ஒரு நைலான் தண்டைப் போட்டுக் கணக்கிட்டாலும் போதும். ஆய்வுக்கூடங்களில் எலும்புக்குப் பதில் அதைத்தான் வைக்கிறார்கள். வயதானவர்களின் புரையோடிப்போன எலும்பில் பின் ஏன் தளர்கிறது என்று கேட்டால் கதை வேறு. அங்கே துளையைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் எலும்புதான் எல்லாம். ஸ்கேன் தேவைப்படுவது அங்கே.

இலிசாரோவ் வளையத்துக்கு வருவோம். இதில் இயற்பியல் முற்றிலும் வேறு. கம்பியின் விட்டம் 1.8 மி.மீ. (குழந்தைகளுக்கு 1.5). 150 மி.மீ. வளையத்தின் குறுக்கே அதைச் செலுத்தி, இரு முனைகளையும் போல்ட்டில் பிடித்து, நடுவில் எலும்பு தள்ளினால் விறைப்பு வெறும் 6 நியூட்டன்/மி.மீ. ஒரு கிலோ எடைக்கே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தொய்யும். அறுவை அரங்கில் இதை யாரும் அப்படி விடமாட்டார்கள். ஒரு முனையை முதலில் பூட்டிவிட்டு, மறுமுனையில் டென்ஷனர் என்ற இழுப்புக் கருவியை மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதன் அளவுகோலில் 130 கிலோ வரும்வரை இழுத்து, அந்த நிலையிலேயே நட்டை முடுக்குகிறார்கள். நல்ல இழுப்பில் கம்பியைச் சுண்டினால் தம்புராத் தந்தி போல ஒலிக்கும். ஒலிப்பதற்கும் விறைப்பாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே, இழுவிசை. 130 கிலோவுக்குச் சமமான 1,275 நியூட்டன் இழுவையைச் சேர்த்துக் கணக்கிட்டால் அதே கம்பியின் விறைப்பு 45-ஐத் தொடுகிறது. ஏழு மடங்குக்கு மேல்.

மென்பொருளில் பெரிய இடப்பெயர்ச்சியைக் கணக்கில் கொள் என்ற ஒரு தெரிவு உண்டு. அதைப் போடாமல் ஓட்டினால், இழுவிசைக்கும் குறுக்குச் சுமைக்கும் உள்ள உறவைக் கணினி பார்க்காது. திரையில் கம்பி முழுக்கச் சிவப்பாக, இழுபட்டதாகவே தெரியும். விறைப்பு மட்டும் 6 என்றே வரும். கணினி பிழை எதுவும் காட்டாது. கையில் ஒரு வரிக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

முறிவுக்கு ஒரு பக்கம் நான்கு கம்பிகள், மறுபக்கம் நான்கு. ஒரு பக்கத்தின் விறைப்பு 180. இரு பக்கமும் தொடராக இருப்பதால் மொத்தம் 90 நியூட்டன்/மி.மீ. ஊன்றுகோலோடு 20 கிலோ அளவுக்கு மட்டும் காலை ஊன்றினால் இடைவெளி சுமார் 2.2 மி.மீ. அசையும். எழுபது கிலோ மனிதர் முழு எடையையும் சட்டத்தின் மேலேயே போட்டால் நேர்க்கணக்கில் 8 மி.மீ. வரவேண்டும், வருவது ஏறக்குறைய 6. தொய்யத் தொய்யக் கம்பி மேலும் நீள்கிறது, நீண்டால் இழுவை ஏறுகிறது, இழுவை ஏறினால் விறைப்பும் ஏறுகிறது. மெதுவாக ஊன்றும்போது இளகிக்கொடுத்து, அழுத்தும்போது இறுகும் இந்தக் குணம் ஒற்றைப் பக்கச் சட்டத்தில் இல்லை. இலிசாரோவ் சட்டத்தோடு நடக்கச் சொல்லும் மருத்துவர்கள் இதை நம்பியே சொல்கிறார்கள். இந்த எண்களை உங்கள் நோயாளிக்கு அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிடாதீர்கள். வளையங்கள் வளையவே இல்லை என்றும், எட்டுக் கம்பிகளும் எலும்பை நடுவில் தாங்குகின்றன என்றும், சதை எதையும் தாங்கவில்லை என்றும் வைத்துக்கொண்ட கணக்கு இது.

வளையங்கள் வளைகின்றன. முதல் கம்பியை 130-க்கு இழுத்துவிட்டு, அதே வளையத்தில் இரண்டாவதை இழுத்தால், வளையம் ஒரு பக்கம் நசுங்கி முதல் கம்பியின் இழுவை மாறிவிடுகிறது. முட்டிக்கருகே போடும், ஒரு பக்கம் திறந்த வளையத்தில் இது இன்னும் மோசம். அதில் முழு இழுப்பு இழுக்காமல் குறைத்து வைப்பதற்குக் காரணம் இதுதான். பிறகு போல்ட். சுமை ஏறி இறங்க, போல்ட்டின் வாய்க்குள் கம்பி வழுக்குகிறது. கொஞ்சம் வழுக்கினாலும் இழுவை கணிசமாகக் குறைகிறது, ஏனென்றால் 130 கிலோ இழுப்பில் 150 மி.மீ. கம்பி மொத்தமாக நீண்டிருப்பதே 0.4 மி.மீ. அளவுதான். அதில் 0.1 மி.மீ. போய்விட்டால் இழுவையில் கால்வாசி போய்விட்டது. இந்த வழுக்கலை மாதிரியில் சேர்த்தவர்கள் குறைவு. போல்ட்டின் வாயில் உராய்வுக் கெழு என்ன, எவ்வளவு முறுக்கி இறுக்கியது என்று யாரும் அளந்து தருவதில்லை என்பதால், சேர்க்கிறவர்களும் பெரும்பாலும் ஊகமாகவே சேர்க்கிறார்கள்.

அதனால் சோதனை இயந்திரத்துக்குப் போகாமல் மாதிரியை முடிக்க முடியாது. வெளிச்சட்டங்களைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப்1541 என்ற தரநிலை இருக்கிறது. நைலான் தண்டை நடுவில் வெட்டி, இடைவெளி விட்டு, சட்டத்தில் பூட்டி இயந்திரத்தில் நிறுத்துவோம். மேலிருந்து தலை இறங்கும். திரையில் சுமைக்கோடு ஏறத் தொடங்குவதற்கு முன் கொஞ்ச தூரம் படுத்தே போகும். கிளாம்புகள் தங்கள் இடத்தில் உட்காருகிற நேரம் அது. பிறகு நிமிர்ந்து ஏறும். சுமையை எடுத்தால் வந்த வழியே திரும்பாது, சற்றுத் தள்ளி இன்னொரு கோடாக இறங்கும். இரண்டாவது முறை ஏற்றினால் முதல் முறை காட்டிய படுக்கைப் பகுதி சுருங்கியிருக்கும். இந்த மூன்று கோடுகளில் எதன் சரிவை விறைப்பு என்று எழுதுவது? பல கட்டுரைகள் அதைச் சொல்வதில்லை. நான் மாணவர்களிடம் மூன்றையும் எழுதச் சொல்கிறேன். சண்டை போடுகிறார்கள், எழுதுகிறார்கள். மாதிரி எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்தால்தான் அதில் கிளாம்பை எப்படி எழுதவேண்டும் என்பதே தெரியும். மருத்துவக் கருவிகளின் கணினி மாதிரிகளுக்கென்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. 2018-இல் ஒரு தரநிலை வெளியிட்டது. மாதிரியை எந்த முடிவுக்குப் பயன்படுத்தப்போகிறோமோ, அந்த முடிவு தவறினால் என்ன ஆபத்தோ, அதற்கேற்ற அளவுக்குச் சோதனைச் சான்று வேண்டும் என்பது அதன் அடிப்படை. நியாயமான பேச்சு.

கடைசியாக ஒரு கணக்கு. இடைவெளி 3 மி.மீ., குறுக்குவெட்டு 400 சதுர மி.மீ. என்று வைப்போம். முதல் வாரங்களில் அங்கே உள்ள மெல்லிய திசுவுக்கு மாதிரிகளில் வழக்கமாகப் போடும் எண் 0.2 மெகாபாஸ்கல். அதன் விறைப்பு 27 நியூட்டன்/மி.மீ. நம் வளையச் சட்டத்துக்கு 90. எடையின் பெரும்பகுதி சட்டத்தின் மேல்தான். திசு 1 மெகாபாஸ்கலை எட்டினால் 133, சட்டத்தை முந்திவிட்டது. குருத்தெலும்புக்கு வழக்கமான 10 மெகாபாஸ்கல் என்றால் 1,300-க்கு மேல். இளம் எலும்பு வந்துவிட்டால் ஒரு லட்சத்தையும் தாண்டும். நாம் மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் செதுக்கும் விறைப்பு காலின் போக்கைத் தீர்மானிப்பது அந்த முதல் சில வாரங்களில்தான். அதன் பிறகு சட்டம் காலில் இருக்கும், ஆனால் காலைத் தாங்குவது கால்தான்.

அப்படியானால் சட்டத்தை எப்போது கழற்றுவது? இதற்கு மாதிரி பதில் சொல்லாது, அளவீடு சொல்லும். பிரிட்டனில் ரிச்சர்ட்சனும் சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்க்கால் முறிவுள்ள 117 பேருக்கு மருத்துவரின் வழக்கமான கணிப்பில் சட்டத்தைக் கழற்றினார்கள். இன்னும் 95 பேருக்கு, முறிவின் வளைவு விறைப்பை நேரடியாக அளந்து, பாகைக்கு 15 நியூட்டன் மீட்டர் வந்த பிறகுதான் கழற்றினார்கள். முதல் குழுவில் எட்டுப் பேருக்கு எலும்பு மறுபடி உடைந்தது. இரண்டாவது குழுவில் ஒருவருக்கும் உடையவில்லை. அளந்து கழற்றியதால் காலம் நீண்டதா என்றால் அதுவும் இல்லை. துணையின்றிக் காலை ஊன்றி நடக்க முதல் குழுவுக்கு நடுமதிப்பாக 24 வாரம் ஆனது. அளந்த குழுவுக்கு 21.7.